வேலைக்குப் போன ஊர் மேல வந்த பாசம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்கு சொந்த ஊர் அரூர் பக்கம் ஒரு கிராமம். இப்ப கிருஷ்ணகிரியில ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். மாசக் கடைசியில கணக்கு முடிக்கிறதுக்காக பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் போய் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வரணும். ஆரம்பத்துல அழுதுக்கிட்டேதான் போனேன், டிராஃபிக், பாஷை புரியாத பயம், ராத்திரி ரூம்ல தனியா படுக்கிற பயம் எல்லாம் சேர்ந்து எப்படா வேலை முடியும் எப்படா பஸ் ஏறலாம்னு இருக்கும். இப்ப என்னன்னே தெரியல அண்ணா, கர்நாடக எல்லையில இருக்கற அத்திப்பள்ளி தாண்டினாலே மனசு லேசாயிடுது. சாயந்திரம் ஆபீஸ் முடிஞ்சதும் ஜெயநகர் ஃபோர்த் பிளாக் வரைக்கும் சும்மா நடந்து போறேன், அந்த மரமெல்லாம் பாத்துக்கிட்டு, ஒரு காபி குடிச்சுட்டு. கிருஷ்ணகிரிக்கு திரும்பி வந்து நாலு நாளாச்சுன்னா அந்த ஊர் ஞாபகம் வருது.

இதை வீட்ல சொல்ல முடியல. எங்க அப்பா பல வருஷம் பெங்களூர்ல கட்டிட வேலை பாத்தவரு. "அது நம்மள வேலைக்குக் கூப்பிடற ஊரு, ஊட்டுக்குக் கூப்பிடற ஊரு இல்ல"ன்னு சொல்வாரு. நான் பெங்களூர் பத்தி சந்தோஷமா ஏதாச்சும் பேசினா எழுந்து வெளிய போயிடறாரு. அம்மா பொறந்த ஊர் ஓசூர் பக்கம், கெலவரப்பள்ளி டேம் தண்ணி பாயற நிலம். அந்த டேம்ல நுரை பொங்கறத நானே பாத்திருக்கேன், அது பெங்களூர் கழிவுன்னு தெரியும். நீங்களும் பெண்ணையாறு பத்தி கோவமா எழுதியிருக்கீங்க, ஆனா வேற சில கட்டுரையில பெங்களூரோட பழைய கடைத்தெருப் பகுதியான பேட்டை பத்தி அவ்வளவு ஆசையா எழுதறீங்க. உங்களுக்கு அது எப்படி முடியுது?

கம்பெனி செலவுல ரூம், கம்பெனி செலவுல சாப்பாடுன்னு போயிட்டு வர்ற எனக்கு வர்ற பாசம் உண்மையானதா, இல்ல போலியா? அப்பாவுக்கு நான் துரோகம் பண்றேனா? இப்ப அங்கயே டிரான்ஸ்பர் தர்றோம்னு கேக்கறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல.

பேரு போட வேணாம் அண்ணா.

தங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைச்சுது. பேரு போடல, கவலைப்படாதீங்க.

போலியான்னு கேட்டதுக்கு முதல்ல சொல்லிடறேன். போலி இல்லம்மா. வேலைக்குப் போய் ஒரு ஊர் மேல வர்ற பாசம்தான் ரொம்ப நாள் நிக்கும்னு நான் நம்பறேன். சுத்திப் பாக்கப் போறவங்க லால்பாக் கண்ணாடி மாளிகை, விதான சௌதா, அரண்மனைன்னு பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு வருவாங்க, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது ஊர் தன்னைக் காட்டிக்கறதுக்குன்னு வச்சிருக்கிற இடம். வேலைக்குப் போறவங்க போறது யாருக்கும் காட்டணும்னு யாரும் நினைக்காத இடத்துக்கு. அங்க உங்களுக்கும் ஒரு காரியம் ஆகணும், எதிர்ல இருக்கிறவருக்கும் ஒரு காரியம் ஆகணும். அந்த நேரத்துல தெரியற முகம்தான் ஊரோட முகம்.

எனக்கு அந்த ஊர் எப்படிப் பழக்கமாச்சுன்னு சொல்றேன், அப்பதான் மிச்சத்தைச் சொல்ல முடியும்.

1990கள்ல நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில பர்ச்சேஸ் பாத்தேன். நம்ம ஊர்ல வளர்ந்தவங்களுக்கு சீசன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல, மே ஜூன் ஜூலை, ராத்திரி பகல்னு லாரி வந்து நிக்கும், பெங்களூரா காய் (தோதாபுரின்னு மத்தவங்க சொல்றது) மலையா குவிஞ்சு கிடக்கும், பழுக்க வச்ச பழம் உங்களுக்காக ஒரு நாள் கூட காத்திருக்காது. அந்த நேரத்துல பழத்தைக் கூழாக்கற பல்பர்ல ஒரு பேரிங் போச்சு, பம்ப்புல ஒரு மெக்கானிக்கல் சீல் (கசியாம தடுக்கற வளையம்) போச்சு, ஸ்டெரிலைசர்ல ஒரு சென்சார் போச்சுன்னா மொத்த லைனும் நின்னுடும். நின்னா என்ன பண்றது, கிருஷ்ணகிரியில கிடைக்காது, சென்னைக்குப் போனா போக வர ஒரு நாள் ஆயிடும், பெங்களூர் 90 கிலோமீட்டர்தான். போன பார்ட்டை பழைய துணியில சுத்தி பையில போட்டுக்கிட்டு கிடைச்ச பஸ்ல ஏறி, விடியறதுக்குள்ள போய் இறங்கி, கடை திறக்கற வரைக்கும் கே.ஆர். மார்க்கெட் பக்கம் நின்னுக்கிட்டு இருப்பேன். இப்படித்தான் நான் பெங்களூர் பாத்தது. விடிகாலையில, பசியோட, கையில கிரீஸ் நாத்தத்தோட, ஃபேக்டரியிலேர்ந்து எஸ்.டி.டி. போட்டு எந்நேரமும் திட்டு விழும்ங்கற பயத்தோட.

போகப் போகப் பிடிச்சது அதே அவசரத்துலதான்.

மெஷின் சாமான் விக்கற எஸ்.பி. ரோட்டுல ஒரு பெரியவர் கடை வச்சிருந்தாரு, கடைன்னா ஒரு ஆள் உள்ள நின்னா இன்னொரு ஆள் வெளியதான் நிக்கணும், அவ்வளவுதான். நான் ஒரு தடவை அந்த மெக்கானிக்கல் சீலை அவர் கையில குடுத்து இதே சைஸ் வேணும்னு கேட்டேன். அவர் புதுசை எடுக்கல. பழசை வெளிச்சத்துல பிடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு, நகத்தால சுரண்டினாரு, "உங்க தண்ணி உப்புத் தண்ணியா?"ன்னு கேட்டாரு. ஆமாம்னேன். "ஷாஃப்டும் கொஞ்சம் ஆடுது, ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாரு, இதை அப்படியே விட்டுட்டு புதுசு போட்டா பத்து நாள்ல திரும்ப வருவே, முதல்ல அலைன்மென்ட் பாக்கச் சொல்லு, ஃப்ளஷிங்குக்கு நல்ல தண்ணி குடு"ன்னாரு. நம்ம ஃபேக்டரிய அவர் பாத்ததே இல்ல. கிருஷ்ணகிரி தாண்டி வந்தாரான்னு கூட எனக்குத் தெரியாது. தேஞ்சுபோன ஒரு வளையத்தைப் பாத்து நம்ம ஊர் போர் தண்ணியில சுண்ணாம்பு இருக்குன்னு சொல்லிட்டாரு. தமிழ், கன்னடம், உருது மூணும் கலந்த பேச்சு, நம்ம கிருஷ்ணகிரி பழையபேட்டையில கேக்கற பேச்சு மாதிரியே இருக்கும். அன்னிக்கு எனக்கு அந்த ஊர் மேல ஒரு மரியாதை வந்துச்சு, பாசம் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு, அந்த வரிசை முக்கியம்னு நினைக்கிறேன்.

நம்ம தகடூர்லேர்ந்து (தருமபுரியோட பழைய பேரு) வேலையா வெளியூர் போன ஒருத்தங்க ஞாபகம் எனக்கு எப்பவும் வரும். ஔவையார். அதியமான் தூதா அனுப்பிச்சு தொண்டைமான் கிட்ட போறாங்க, அவன் தன்னோட ஆயுதச் சாலையைத் திறந்து காட்டறான், எல்லாம் மயிற்பீலி கட்டி மாலை போட்டு நெய் பூசி பளபளன்னு இருக்கு. ஔவை என்ன சொல்றாங்க, எங்க மன்னனோட வேலெல்லாம் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குதுன்னு. புழங்கினது எது புழங்காதது எதுன்னு பாக்கற கண்ணு அது, காரியமா போனவங்களுக்கு வர்ற கண்ணு. பெங்களூர்லயும் எனக்குப் பிடிச்சதெல்லாம் பட்டறைப் பக்கம்தான். நீங்க பாக்கற வேலை லெட்ஜர்லன்னாலும் அந்தக் கண்ணு உங்களுக்கும் வந்திருக்கும், ஃபோர்த் பிளாக்ல கடைக்காரங்க எப்ப கல்லாவை எண்ணறாங்கன்னு நீங்க கவனிச்சிருப்பீங்க, சுத்திப் பாக்க வர்றவங்க கவனிக்க மாட்டாங்க.

பெங்களூர்னா ஐ.டி.ன்னு சொல்றாங்க இல்ல, அதுல எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த ஊர் மெஷினோட ஊர். 1902ல சிவனசமுத்திரத்துல காவிரித் தண்ணியில கரண்ட் எடுத்து முதல்ல கோலார் தங்கவயலுக்குக் கொண்டு போனாங்க, அப்புறம் 1905ல பெங்களூர் தெருவுல மின்சார விளக்கு எரிஞ்சுது, அதுவும் மார்க்கெட் பக்கத்துலதான். அந்தக் கரண்டை நம்பி மில்லு வந்துச்சு, 1940ல விமானம் செய்யற ஹெச்.ஏ.எல்., சுதந்திரத்துக்கு அப்புறம் டெலிபோன் செய்யற ஐ.டி.ஐ., மெஷின் டூல்ஸ் செய்யற ஹெச்.எம்.டி., எலக்ட்ரானிக்ஸ் செய்யற பி.இ.எல்.னு வரிசையா வந்துச்சு. இவ்வளவு பெரிய ஃபேக்டரி இருந்தா அதுக்கு நட்டு போல்ட்டு விக்கறவன், லேத் ஓட்டறவன், கேஜ் சரி பாக்கறவன் வேணும் இல்ல, அதனாலதான் எஸ்.பி. ரோடு, ஜே.சி. ரோடு, பின்னாடி பீண்யா தொழிற்பேட்டை எல்லாம். அந்த வித்தை தெரிஞ்ச கைகள் இருந்ததாலதான் நம்ம கூழ் ஃபேக்டரிக்கு விடிகாலையில ஒரு சீல் கிடைச்சுது. சிவனசமுத்திரத்துல விழற அதே காவிரிதான் கீழ நம்ம ஒகேனக்கல்ல விழுது, இதை நான் பஸ்ல தூங்காம வர்றப்பெல்லாம் யோசிப்பேன்.

கடை திறக்கற வரைக்கும் மார்க்கெட் பக்கம் நிப்பேன்னு சொன்னேன் இல்ல, நின்னு அலுத்தா சும்மா நடப்பேன், அந்த நடையிலதான் பேட்டை மொத்தமும் பழகிச்சு. பெங்களூரை உருவாக்கின கெம்பே கவுடா 1537ல கட்டினது, தொழிலுக்கு ஒரு தெருவா பிரிச்சது இன்னும் பேர்ல நிக்குது, அக்கிபேட்டைன்னா அரிசி, பளேபேட்டைன்னா வளையல், கும்பாரபேட்டைன்னா குயவர், தரகுபேட்டைன்னா தானிய மண்டி. அவென்யூ ரோட்டுல நடைபாதையில பழைய புஸ்தகம். மார்க்கெட்ல இருட்டோட ஓசூர் ரோஜா, ராயக்கோட்டை தக்காளி, நம்ம பக்கத்து மூட்டைங்க வந்து இறங்கும், மூட்டை தூக்கறவங்கள்ல பாதிப் பேர் தமிழ்லதான் திட்டிக்குவாங்க. ஒரு காபியை ரெண்டு டம்ளர்ல பிரிச்சு "பை டூ"ன்னு குடுப்பாங்க, முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் "வாங்க பை டூ போடலாம்"னு என்னைக் கேட்டாரு, பேசிக்கிட்டே குடிச்சோம், அவர் பேர் கூட நான் கேக்கல. குளிர்காலத்துல அவரைக்காய் வந்துச்சுன்னா அந்த ஊரே அவரை வாசம் அடிக்கும், தோலைப் பிதுக்கி எடுத்த பருப்புல குழம்பு வைப்பாங்க, நம்ம வீட்டுல வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்பேதான். அவங்க ராகி முத்தேன்னா நம்ம களி. சாப்பாட்டுல எனக்கு அது வெளியூரே இல்ல.

ஒரு வருஷம் சீசனுக்கு முன்னாடி ஓவர்ஹால் நேரம், சித்திரை பௌர்ணமி. ஒரு ஷாஃப்ட் லேத்துல கிடக்குது, காலையிலதான் தருவேன்னுட்டாங்க, ரூம் போட காசு அனுமதி இல்ல, பேட்டையிலயே எங்கயாச்சும் உக்காந்திருக்கலாம்னு நினைச்சேன். பாத்தா ராத்திரி ஆக ஆக தெரு முழுக்க ஜனம், மல்லிப்பூ வாசனை, குழந்தைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டு நிக்கறாங்க. என்னன்னு கேட்டா கரகம்னாங்க. தர்மராயசாமி கோயில்லேர்ந்து நடுராத்திரிக்கு மேல கரகம் கிளம்புது, தலையில மல்லிப்பூக் கோபுரம், தூக்கி வர்றவர் பொம்பளை வேஷத்துல புடவை கட்டியிருக்காரு, கையால அதைத் தொடவே இல்ல, சுத்தி வீரகுமாரர்ங்க கத்தியோட வர்றாங்க. அது திரௌபதி. கோயில் தர்மராஜாவுக்கும் திரௌபதிக்கும். நடத்தறவங்க திகளர், தோட்ட வேலை பாத்த சமுதாயம், தமிழ்நாட்டுல வேர் உள்ளவங்க, தங்களை அக்கினியில பொறந்த வம்சம்னு சொல்லிக்கறவங்க. நான் யாரு, தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துல அர்ச்சுனன் தபசு மரம் ஏறறதையும் துரியோதனன் படுகளத்தையும் பாத்து வளர்ந்த ஆளு. நம்ம ஊர்ல தூக்கம் சொக்க எந்த அம்மனுக்காக முழிச்சிருந்தேனோ அதே அம்மனுக்காக இந்தப் பெரிய ஊர் முழுக்க முழிச்சிருக்குது. கரகம் போற வழியில காட்டன்பேட்டையில ஒரு தர்கா இருக்கு, தவக்கல் மஸ்தான் தர்கா, அங்க நின்னுட்டுத்தான் போகும், அது வழக்கம். நான் ஜனத்தோட ஜனமா கொஞ்ச தூரம் நடந்தேன். அந்த ராத்திரிக்கு அப்புறம் பெங்களூரை நான் வேத்து ஊர்னு சொல்றதே இல்ல.

இப்ப அப்பா விஷயம்.

உங்க அப்பா சொன்ன வாக்கியம் என்னை விடல. "வேலைக்குக் கூப்பிடற ஊரு, ஊட்டுக்குக் கூப்பிடற ஊரு இல்ல." அவர் சொன்னது உண்மை, அவர் பட்டதுலேர்ந்து சொல்லியிருக்காரு. நீங்களும் வேலைக்குத்தான் போறீங்க, அவரும் வேலைக்குத்தான் போனாரு, ஆனா ஒரே ஊருக்குப் போகல. உங்களுக்கு ரூம் இருக்கு, கழுத்துல ஐ.டி. கார்டு இருக்கு, ஆறு மணிக்கு மேல நடந்து போக நேரமும் காபிக்கு காசும் இருக்கு. அவர் கட்டற கட்டிடத்துலயே சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்துல படுத்திருப்பாரு, கட்டி முடிச்ச அன்னிக்கு வாட்ச்மேன் அவரை கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பான். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைன்னு நம்ம பக்கத்துலேர்ந்து எத்தனை குடும்பம் இப்படிப் போயிருக்குன்னு உங்களுக்கே தெரியும், மழை பொய்ச்ச வருஷமெல்லாம் ஊர்ல கிழவனுங்களும் குழந்தைங்களும்தான் மிஞ்சுவாங்க. ஊர் மேல பாசம் வர்றதுக்கு கொஞ்சம் ஓய்வு வேணும்மா. கூலி வேலைக்குப் போறவங்களுக்கு பெங்களூர் அதைக் குடுக்கல. நான் மார்க்கெட்ல காபி குடிச்சுக்கிட்டு நின்ன அதே நேரத்துல பக்கத்து சர்க்கிள்ல நம்ம ஊர்க்காரங்க பாண்டு சட்டியும் கரணையும் வச்சுக்கிட்டு யாராச்சும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்களான்னு நின்னுக்கிட்டு இருப்பாங்க, எனக்கு ஒரு ஃபேக்டரி பின்னாடி இருந்துச்சு, அவங்களுக்கு இல்ல.

அதனால துரோகமான்னு கேட்டா, இல்ல. ஆனா அவர்கிட்ட ஊரைப் புகழாதீங்க. கேளுங்க. எந்த ஏரியாவுல வேலை பாத்தீங்க, எந்த பில்டிங்குக்கு பூச்சு வேலை பண்ணீங்க, சென்ட்ரிங் யாரு அடிச்சாங்க, ஞாயித்துக்கிழமை எங்க போவீங்கன்னு கேளுங்க. மேஸ்திரிங்களுக்கு தான் எழுப்பின சுவரு மறக்காது. ஒரு ஊரோட கட்டிடத்தை அவரை விட யாருக்குத் தெரியும்? அவர் பேசினா பேசட்டும், எழுந்து போனா போகட்டும், அவர் கோவத்தை மாத்தறது உங்க வேலை இல்ல.

மொழி, காவிரி, சண்டை. இதையும் மூடி மறைக்க நான் விரும்பல. 1991 டிசம்பர்ல காவிரிக் கலவரத்துல அங்க தமிழங்க பட்டது நம்ம பக்கம் பல வீட்டுக்குத் தெரியும், மூட்டை முடிச்சோட ஓசூர் வழியா வந்து இறங்கினாங்க. அல்சூர் ஏரிக்கரையில வச்ச திருவள்ளுவர் சிலை அதே 1991லேர்ந்து மூடியே கிடந்துச்சு, 18 வருஷம் கழிச்சு 2009 ஆகஸ்டுலதான் திறந்தாங்க, அதே வாரத்துல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. 2016 செப்டம்பர்ல காவிரிக்காக திரும்பவும் கலவரம், பஸ்ஸெல்லாம் எரிஞ்சுது. அப்ப எல்லையில வண்டி போகல, ஜனங்க பையைத் தலையில வச்சுக்கிட்டு ஜூஜூவாடியிலேர்ந்து அத்திப்பள்ளிக்கு நடந்தாங்க, பிள்ளைத்தாச்சி கூட நடந்தாங்க. அந்த வாரம் எஸ்.பி. ரோட்டுக் கடையிலேர்ந்து எனக்கு போன் வந்துச்சு, பெரியவர் அப்ப இல்ல, அவர் மகன், "நீங்க வராதீங்க, பார்ட்டை நான் பையன்கிட்ட குடுத்து அத்திப்பள்ளி வரைக்கும் அனுப்பறேன், காசு அப்புறம் பாத்துக்கலாம்"னாரு. அந்தப் பையன் கன்னடக்காரன், தெரிஞ்சு நாலு வார்த்தை தமிழ், எனக்குத் தெரிஞ்சது கடைக் கன்னடம். எரிச்சவங்களும் அந்த ஊர்தான், பார்ட் அனுப்பினவரும் அந்த ஊர்தான். ஒண்ணை வச்சு இன்னொண்ணை நான் கழிக்க மாட்டேன்.

நீங்க மடிவாளாவுல இறங்கறீங்கன்னா ஒரு நாள் பத்து நிமிஷம் ஒதுக்கி அங்க இருக்கற சோமேஸ்வரர் கோயிலுக்குப் போங்க. வெளிச் சுவத்துல தமிழ்க் கல்வெட்டு இருக்கு, பழசு 1247ம் வருஷத்துது, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழ நிலம் குடுத்த கணக்கு. நம்ம ஊர் பஸ்ஸெல்லாம் நின்னு போற ரோட்டுக்கு அவ்வளவு பக்கத்துல. கணக்கு எழுதறவங்க நீங்க, அதைப் பாக்கறப்ப உங்களுக்கு என்ன தோணுதுன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்.

ஆறு. இதுதான் நீங்க கேட்டதுலயே கஷ்டமானது. பெண்ணையாறு நந்தி மலையில பொறந்து பெங்களூருக்குக் கிழக்கால வந்து கெலவரப்பள்ளிக்கு வருது, அப்புறம் நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம், சாத்தனூர், கடலூர். வழியில பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிங்க நிரம்பி வழியறது இந்த ஆத்துலதான் கலக்குது. பெல்லந்தூர் ஏரி 2015ல ரோட்டுக்கு நுரை தள்ளிச்சு, 2017ல தீயே பிடிச்சுது. பெங்களூருக்குன்னு பெரிய ஆறு கிடையாது, 1974லேர்ந்து காவிரியை 100 கிலோமீட்டர் தூரத்துலேர்ந்து மேட்டுக்கு பம்ப் பண்ணிக் குடிக்கறாங்க. குடிச்சு குளிச்சு துவைச்ச அந்தத் தண்ணி சாக்கடையாகி ஏரி வழியா பெண்ணையாத்துக்கு வந்து உங்க அம்மா வீட்டு வயலுக்குப் பாயுது. நாமளும் காவிரியைத்தான் குடிக்கறோம், நம்ம நிலத்தடி ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் தின்னதாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு. அப்ப ஒரே காவிரி ஒகேனக்கல் குழாய்ல குடிதண்ணியாவும் கெலவரப்பள்ளி மதகுல நுரையாவும் நம்மகிட்ட வருது.

எப்படி ரெண்டையும் எழுத முடியுதுன்னு கேட்டீங்க. எனக்கு அது ரெண்டு இல்லம்மா. அந்த ஊரைப் பிடிக்காதவன் கேட்டா "தமிழ்நாட்டுக்காரன் திட்டறான்"னு போயிடுவாங்க. நான் அங்க போய்ப் பேசறப்ப, உங்க கடையில சாமான் வாங்கினவன், உங்க கரகத்துல நடந்தவன், உங்க தண்ணி எங்க வயலுக்கு இப்படி வருது, சுத்தம் பண்ணி அனுப்புங்கன்னு கேக்கறேன், உக்காந்து கேக்கறாங்க. அங்கயே ஏரிக்காக சண்டை போடறவங்க இருக்காங்க, கைகொண்டரஹள்ளி ஏரியை அந்தப் பக்கத்து ஜனங்க சேர்ந்து நின்னு மீட்டிருக்காங்க, பெல்லந்தூரைப் பசுமைத் தீர்ப்பாயம் தானா எடுத்து விசாரிச்சிருக்கு. அவங்க ஜெயிச்சா நம்ம டேம் தண்ணி தெளியும். அவங்க பக்கத்துல போய் நிக்கறதுக்கு நம்ம ஊர்லேர்ந்து ஆள் வேணும், ரெண்டு ஊரையும் தெரிஞ்ச ஆள், உங்களை மாதிரி. உங்க அம்மா வீட்டு வயல் போட்டோவை உங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கறவங்ககிட்ட காட்டுங்க. பெரும்பாலான பேருக்கு அந்தத் தண்ணி எங்க போகுதுன்னே தெரியாது, நான் பாத்திருக்கேன், தெரிஞ்சா அவங்க முகம் மாறும்.

டிரான்ஸ்பர். இதுல நான் போ, போகாதேன்னு சொல்றது சரியா இருக்காது. ஒண்ணு மட்டும் சொல்றேன், போய் வர்றதுல வந்த பாசம் தங்கினா அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது, குறையணும்னும் இல்ல. மாசத்துல மூணு நாள் போறப்ப ஊர் உங்ககிட்ட வாடகை கேக்கல, பால் பாக்கெட்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அலைய விடல. தங்கினா கேக்கும். ஒரு வேலை பண்ணுங்க, ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் கம்பெனி ரூம் இல்லாம ஒரு பி.ஜி.யில (பேயிங் கெஸ்ட் விடுதி) இருந்து பாருங்க, ஒரு ஞாயித்துக்கிழமை வேலையே இல்லாம அங்க இருங்க, அன்னிக்கு என்ன பண்றீங்கன்னு பாருங்க. அப்பவும் பிடிச்சிருந்தா போங்க. இப்ப 2025 ஆகஸ்டுலேர்ந்து பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ வந்தாச்சு, கிருஷ்ணகிரி பஸ்லேர்ந்து அங்க இறங்கி ஆர்.வி. ரோட்டுல மாறினா லால்பாக், மார்க்கெட், சிக்பேட்டை எல்லாம் ஒரே லைன், சில்க் போர்டுல நின்ன நேரமெல்லாம் மிச்சம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளம்பினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கலாம், அப்பா அம்மாவை விட்டுட்டுப் போறோம்ங்கற அளவுக்கு அது தூரம் இல்ல.

வீடு பாக்கறப்ப ஒரு விஷயம். அட்வான்ஸ் அங்க பல மாச வாடகை கேப்பாங்க, பேசிக் குறைக்கலாம். அதை விட முக்கியம் தண்ணி, 2024 மார்ச்ல போரெல்லாம் வத்தி அபார்ட்மெண்ட்ல இருந்தவங்களே டேங்கர் பின்னாடி ஓடினாங்க. அதனால காவிரி கனெக்‌ஷன் இருக்கா, இல்ல போரும் லாரியும்தானான்னு கேட்டுட்டு, மாடிக்குப் போய் தொட்டியைத் திறந்து பாத்துட்டு, அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

அன்புடன்,
அண்ணன்